பாட்டைத் தேடி வருவோர்க்கு

(நமது பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் வள மையப் பொறுப்பாசிரியை ஆற்றிய உரை)



நூலகத்தைப் பற்றி நான்கு வார்த்தை பேச வேண்டும் என்று எனக்குப் பணித்திருக்கிறார்கள். நூலகம் என்றவுடன் வாசிப்பின் பயனைப் பேசுவது வழக்கம். அதைப் பற்றி இந்த மேடையில் பல பெரியவர்கள் பேசிவிட்டார்கள். ஆகவே நான் வேறொரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். புத்தகம் கேட்டு வருபவருக்கு அலமாரியைக் காட்டிவிடலாம். பாட்டுக் கேட்டு வருபவருக்கு எதைக் காட்டுவது? இதுதான் என் பேச்சின் பொருள்.

சின்ன விஷயம் என்று சொன்னேன். ஆனால் வள மையத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். "டீச்சர், பொங்கலுக்கு டிவியில போட்டாங்களே, அந்தப் பாட்டு வேணும்" என்று ஒரு மாணவி வருவாள். "மகளுக்குப் போட்டி இருக்குங்க, பாரதியார் பாட்டு ஒண்ணு நோட்டோட கிடைக்குங்களா?" என்று ஒரு தகப்பனார் கேட்பார். "எங்க ஆயா ஒரு தாலாட்டுப் பாடும், அது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று இன்னொரு பிள்ளை கேட்கும். மூன்றுமே பாட்டைப் பற்றிய கேள்விகள்தாம். ஆனால் மூன்றுக்கும் போக வேண்டிய வழி வேறு வேறு. ஆகையால் நம் மாணவ நூலக உதவியாளர்களுக்கு நான் கற்றுக் கொடுக்கும் முறையையே இங்கு உங்கள் முன்னும் வைக்கிறேன். பெற்றோர்களும் அறிந்துகொண்டால் வீட்டிலேயே பாதித் தேடல் முடிந்துவிடும்.

பாட்டுக்கு மூன்று உடம்பு

ஒரு பாட்டுக்கு மூன்று உடம்பு உண்டு. முதலாவது சொல், இரண்டாவது மெட்டு, மூன்றாவது குரல். சொல்லைப் பாட்டுப் புத்தகம் காப்பாற்றும். மெட்டைச் சுர தாளக் குறிப்பு காப்பாற்றும். குரலை ஒலிப்பதிவுதான் காப்பாற்றும். ஒன்று கையில் இருந்தால் மற்ற இரண்டும் தாமாக வந்துவிடும் என்று எண்ணக்கூடாது.

இதற்கு நம் சங்க நூலாகிய பரிபாடலே சான்று. பரிபாடல் இசையோடு பாடுவதற்கென்றே அமைந்த நூல். எழுபது பாடல்கள் இருந்தன என்பது மரபு. இன்று முழுமையாக நமக்குக் கிடைப்பவை 22 மட்டுமே. 1918ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதை அச்சேற்றினார். அந்நூலில் ஓர் அருமையான வழக்கத்தைக் காண்கிறோம். பெரும்பாலான பாடல்களின் கீழே மூன்று செய்திகள் தரப்பட்டிருக்கின்றன: பாடியவர் யார், இசை வகுத்தவர் யார், பண் எது. இன்றைய நூலகர் தம் பட்டியல் அட்டையில் எழுதுவதும் ஏறக்குறைய இதைத்தான். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே பாட்டுக்கு அட்டை எழுதிய இனம் நம் இனம்!

ஆனால் அங்கேயே நாம் இழந்ததும் தெரிகிறது. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று பண்ணின் பெயர் இருக்கிறது. கண்ணனாகனார், நன்னாகனார் என்று இசை வகுத்தவர் பெயரும் இருக்கிறது. ஆனால் அவர்கள் வகுத்த இசை எப்படி ஒலித்தது என்று இன்று ஒருவராலும் பாடிக் காட்ட முடியாது. சொல் பிழைத்தது, மெட்டும் குரலும் போய்விட்டன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பாட்டு விஷயத்தில் அந்தப் பழமொழி முற்றிலும் உண்மை.

முதல் கேள்வி: எந்த உடம்பு வேண்டும்?

ஆகவே ஒருவர் வந்து "பாட்டு வேணும்" என்றால், நம் உதவியாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "படிக்கவா, வாசிக்கவா, கேட்கவா?" என்பது.

படிக்க என்றால் பாட்டு வரிகள் போதும். வாசிக்க என்றால் குறிப்பு வேண்டும். அதிலும் எந்த வகைக் குறிப்பு என்று கேட்க வேண்டும். வீணையோ வயலினோ கற்கும் பிள்ளைக்கு ச, ரி, க, ம, ப, த, நி என்று எழுதிய சுரக் குறிப்பு தேவை. எழுத்தின் மேலே புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, கீழே புள்ளி இருந்தால் கீழ் ஸ்தாயி. நடுவே வரும் கோடுகள் தாளத்தின் பிரிவுகள். இசைப் பாடத்தில் ரிக்கார்டர் ஊதும் பிள்ளைக்கு இந்தக் குறிப்பு உதவாது. அதற்கு ஐந்து கோட்டின்மேல் எழுதும் மேனாட்டுக் குறிப்பு வேண்டும். நம் பக்கத்துச் சீன நண்பர்களோ 1, 2, 3 என்று எண்களால் எழுதிய குறிப்பைப் பார்த்தும் வாசிப்பார்கள்.

இவற்றுள் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. மேனாட்டுக் குறிப்பில் எழுதிய சுரம் இந்த உயரத்தில்தான் ஒலிக்க வேண்டும் என்று கட்டு இருக்கிறது. நம் சுரக் குறிப்பில் 'ச' என்பது பாடுபவர் வைத்துக்கொள்ளும் சுருதி. ஒருவருக்கு ஒரு கட்டை, இன்னொருவருக்கு ஐந்து கட்டை. எனவே ஒரு குறிப்பைப் பார்த்து இன்னொன்றாக மாற்றித் தருபவர் இரண்டும் அறிந்தவராக இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தனுப்பினால் பிள்ளை வீட்டில் போய்த் திண்டாடும்.

சினிமாப் பாட்டுக்குக் குறிப்பு வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. முன்பு தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கதைச் சுருக்கத்தைப் போட்டு, முக்கியமான இடம் வந்ததும் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்துவிடுவார்கள்! அதில் நடிகர் பெயர், இசையமைப்பாளர் பெயர், பாட்டு வரி எல்லாம் இருக்கும். சுரக் குறிப்பு இராது. ஆகவே சினிமாப் பாட்டைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஒலிப்பதிவைக் கேட்டு, தெரிந்த ஒருவர் குறிப்பு எழுத வேண்டியதுதான். இதையும் கேட்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நலம்.

இரண்டாம் கேள்வி: கையில் என்ன இருக்கிறது?

இரண்டாவது கேள்வி, "அந்தப் பாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்பது. கேட்பவர் பெரும்பாலும் ஒரு நூல் முனையோடுதான் வருவார். முழுப் பந்தும் அவரிடம் இருந்தால் நம்மிடம் ஏன் வருகிறார்? அந்த நூல் முனையைப் பிடித்துக்கொண்டு போவதுதான் நம் வேலை.

தமிழ்ப் பாட்டுக்குத் தலைப்பு என்று தனியாக ஒன்று பெரும்பாலும் கிடையாது. முதல் வரியே தலைப்பு. ஆனால் கேட்பவருக்கு நினைவிருப்பது நடு வரியாக இருக்கும். சில பேருக்குப் பாட்டே மறந்து, படத்தில் மழை பெய்தது மட்டும் நினைவிருக்கும். கேலி செய்யக்கூடாது. "யார் பாடினது? ஆணா, பெண்ணா? எந்தக் காலத்துப் படம்? கோயில்ல கேட்டீங்களா, ரேடியோவுல கேட்டீங்களா?" என்று மெல்ல மெல்லக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

படத்தின் பெயர் தெரிந்தாலும் போதாது. 'பில்லா' என்று கேட்டால் 1980இல் வந்த படமா, 2007இல் வந்த படமா? முன்னதற்கு இசை எம். எஸ். விஸ்வநாதன். பின்னதற்கு யுவன் சங்கர் ராஜா. தாத்தா கேட்டதற்குப் பேரன் பாட்டைக் கொடுத்தால் தாத்தா என்ன செய்வார்? கீர்த்தனைகளிலும் இப்படித்தான். 1985இல் வந்த 'சிந்து பைரவி' படத்தில் இளையராஜா, தியாகராசர் கீர்த்தனை ஒன்றைச் சாரமதி ராகத்தில் அமைத்தார். கச்சேரிகளில் அது காம்போதி ராகத்தில் பாடப்படுவது. சொல் ஒன்றே, மெட்டு வேறு. கச்சேரிக்குப் பழகும் மாணவிக்குச் சினிமாப் பதிவைக் கொடுத்தால் குரு கோபித்துக்கொள்வார்.

அடுத்து எழுத்துத் தொல்லை. நம் நாட்டு நூலகங்களின் கணினிப் பட்டியலில் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் தேட வேண்டி வருவது உண்டு. 'ழ'கரத்தை ஒருவர் 'இசட் எச்' என்று எழுதுவார், மற்றொருவர் 'எல்' என்று எழுதுவார். தியாகராசர் பெயரில் 'டி'க்குப் பின் 'எச்' போடுபவரும் உண்டு, போடாதவரும் உண்டு. ஒரு முறை தட்டிப் பார்த்து "இல்லை" என்று வந்ததும் திரும்பிவிடக்கூடாது. மூன்று நான்கு விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். மொசார்ட்டின் இசைக்கு இத்தொல்லை குறைவு. 1862இல் கொஷெல் என்பவர் அவருடைய ஆக்கங்களுக்கெல்லாம் வரிசை எண் கொடுத்துவிட்டார். எந்த மொழியில் தலைப்பு இருந்தாலும் எண்ணைச் சொன்னால் போதும். நமக்கும் சில இடங்களில் அப்படிப்பட்ட உதவி உண்டு. தேவாரப் பதிகம் என்றால் எந்தத் திருமுறை, எத்தனையாவது பதிகம் என்று கேட்டு வையுங்கள். பதிப்பு மாறினாலும் கண்டுபிடித்துவிடலாம்.

எழுத்து வேறுபாடு இன்னொரு வகையிலும் வரும். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இசைக் குறிப்பு நூல்களில் தலையாயது. அது தமிழ் மண்ணில் அச்சானாலும் தெலுங்கு எழுத்தில் அச்சானது. பிற்காலத்தில் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் பல பாகங்களாகக் கொண்டுவந்தது. ஆகவே நூல் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. "எந்த எழுத்தில் படிப்பீர்கள்?" என்றும் கேட்டாக வேண்டும்.

மூன்றாம் கேள்வி: யாருக்காக?

மூன்றாவது கேள்வி, "யார் பாடப் போகிறார்கள்?" என்பது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு ஆண் பாடகர் பாடிய பதிவைக் கொடுத்து, "இதே மாதிரி பாடு" என்றால் தொண்டை கட்டிக்கொள்ளும். பொதுவாக ஆண் குரல் ஒரு கட்டையை ஒட்டியும் பெண் குரல் ஐந்து கட்டையை ஒட்டியும் நிற்கும். பிள்ளைக்கு எந்தச் சுருதி ஒத்து வருகிறது என்று பார்த்து, அதற்கேற்ற பதிவைத் தேட வேண்டும். போட்டிக்கு எத்தனை நிமிடம், பக்க வாத்தியம் உண்டா என்பதையும் கேட்டால் தேடல் சுருங்கும், நேரமும் மிச்சம்.

எங்கே கேட்பது?

சரி, கேள்விகள் முடிந்தன. எங்கே போய்த் தேடுவது? முதலில் நம் வள மையம். டூவி முறையில் 780 என்ற எண்ணில் தொடங்கும் அலமாரி இசைக்குரியது. அங்கே இல்லையென்றால், நம் உதவியாளர் "இல்லை" என்ற சொல்லோடு நிறுத்தக்கூடாது. "இங்கே இல்லை, எங்கே இருக்கும் என்று பார்ப்போம்" என்று சொல்லி, கேட்டவர் பெயரையும் பாட்டின் அடையாளத்தையும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

அடுத்து சிகாமட்டிலும் ஜொகூரின் மற்ற ஊர்களிலும் உள்ள பொது நூலகங்கள். அதற்கும் மேலே கோலாலம்பூரில் தேசிய நூலகம். 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் வெளிவரும் அச்சு நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் அங்கு ஒப்படைக்க வேண்டும். ஆகவே மலேசியத் தமிழ்க் கலைஞர் வெளியிட்ட பாடல் தொகுப்பு ஒன்று கடையில் அகப்படவில்லை என்றால், கேட்க வேண்டிய இடங்களுள் அது முதன்மையானது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது முதல் தமிழ் நூல்கள் சேர்ந்து வந்திருக்கின்றன. பாலம் கடந்தால் சிங்கப்பூர். அங்கே 2002இல் எஸ்பிளனேட் கலையரங்கத்திலே இசைக்கும் நாடகத்துக்கும் நடனத்துக்குமென்றே ஒரு பொது நூலகத்தைத் திறந்தார்கள். இசைக் குறிப்பும் ஒலித்தட்டும் புத்தகம்போல் அலமாரியில் அடுக்கி வைக்கப்பட வேண்டியவை என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

தமிழகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டுமானால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களே அதன் விதை. அவர் 1992இல் மறைந்தார். 1994இல் சென்னையில் அந்நூலகம் உருவாயிற்று. மற்றவர்கள் குப்பை என்று எறிந்த பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீசுகளையும் அவர் பொறுக்கி வைத்தார். இன்று ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத் தேடிக் கடல் கடந்து வருகிறார்கள். தமிழ்ப் பாடல்களின் சுரக் குறிப்பு வேண்டுவோர், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1940களில் வெளியிடத் தொடங்கிய தமிழிசைப் பாடல் தொகுதிகளையும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இலங்கைத் தமிழர் வெளியீடுகளுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் இருக்கிறது. நம் வள மையக் கணினியிலிருந்தே அதைத் திறந்து பார்க்கலாம்.

இங்கே உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை ஆக்கியவர் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டும் அது அவருக்கும் அவர் வாரிசுக்கும் உரியது. ஒரு குறிப்புப் புத்தகத்தை வாங்கி வகுப்பு முழுவதற்கும் படி எடுத்துக் கொடுப்பது நூலக சேவை ஆகாது.

இசைத்தட்டுக்கு ஐ.சி. நம்பர்

சில வீடுகளில் தகரப் பெட்டிக்குள் பழைய இசைத்தட்டுகள் இன்னும் கிடக்கலாம். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அரக்குத் தட்டுகள். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பாட்டு. தயவு செய்து அவற்றை வீசிவிடாதீர்கள். நடுவிலுள்ள வட்டச் சீட்டில் ஓர் எண் இருக்கும். சீட்டை அடுத்த மழமழப்பான இடத்திலும் ஓர் எண் பொறித்திருக்கும். அதுதான் அந்தத் தட்டின் ஐ.சி. நம்பர். சீட்டில் பாடகர் பெயர் அழிந்துபோனாலும், அந்த எண்ணைக் கொண்டு யார், எப்போது பாடியது என்று அறிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

1902ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் இந்தியப் பாடகர்களை ஒலிப்பதிவு செய்தார். அப்போது பாடிய கௌஹர் ஜான் அம்மையார், பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். பெருமைக்காக அன்று. அந்தத் தட்டுகள் அச்சாவது ஜெர்மனியில் ஹனோவர் நகரத்திலே. அங்கே வேலை செய்பவருக்கு நம் பாட்டும் தெரியாது, பாடகரும் தெரியாது. சீட்டு மாறிப் போகாமலிருக்க அந்தக் குரல் அடையாளம் உதவியது என்பார்கள். பாருங்களேன், பெயர் சொல்லாத பாட்டு அநாதை என்பதை அன்றைக்கே உணர்ந்திருக்கிறார்கள்!

1930களில் சென்னையை மையமாகக் கொண்டு தென்னிந்தியப் பாடகர் பலரை ஓடியன் கம்பெனி பதிவு செய்தது. அந்தத் தட்டுகள் எத்தனையோ வீடுகளில் சிதறிக் கிடந்தன. மும்பையில் 1990இல் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு அவற்றைத் தேடிச் சேர்த்து இலக்கமுறையில் படி எடுத்தார்கள். அப்பணிக்குத் தனியார் வீட்டுப் பெட்டிகள்தாம் கைகொடுத்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

"எல்லாம் யூடியூப்பில் இருக்கே!"

"ஏன் டீச்சர் இவ்வளவு சிரமம்? எல்லாம் யூடியூப்புல இருக்கே!" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அங்கே ஏற்றியவர் பெயர் இருக்கும், பாடியவர் பெயர் இராது. இயற்றியவர் பெயர் தப்பாக இருக்கும். இன்றைக்கு இருப்பது நாளைக்கு எடுக்கப்பட்டிருக்கும். எதையும் எடுத்துப் போட அது சந்தை. எதை எங்கிருந்து பெற்றோம் என்று எழுதி வைத்துப் பொறுப்போடு காப்பது நூலகம். சந்தையும் வேண்டும், களஞ்சியமும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

அதோடு, எல்லாம் அங்கே இருக்கிறது என்பதும் உண்மையன்று. தொடக்கத்தில் மூன்றாவதாக ஒரு பிள்ளையின் கேள்வியைச் சொன்னேனே, "எங்க ஆயா பாடுற தாலாட்டு எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று. அதற்கு எந்த நூலகத்திலும் விடை கிடைக்காது. ஏனென்றால் அந்தப் பாட்டு இருக்குமிடம் அந்த ஆயாதான்.

இது புதிய செய்தியன்று. திருமுறை கண்ட புராணம் ஒரு வரலாறு சொல்கிறது. மூவர் பாடிய தேவாரத்தைத் தேடிச் சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் தில்லைக்குப் போனார்கள். அங்கே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. அரித்தது போக மீந்ததை எடுத்தார்கள். சொல் கிடைத்துவிட்டது. ஆனால் பண் தெரியவில்லை. என்ன செய்தார்கள்? திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த எருக்கத்தம்புலியூரில், அவர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிக் கண்டு, அவளைக் கொண்டே பதிகங்களுக்குப் பண் வகுத்தார்கள். ஏடு கோயில் அறையில் இருந்தது. மெட்டு ஒரு பெண்ணின் நெஞ்சில் இருந்தது! மன்னரே ஆனாலும் மெட்டுக்காக அந்தப் பெண்ணிடம்தான் போக வேண்டியிருந்தது.

தாய்மார்களே, பெரியவர்களே, இப்போது உங்களைப் பார்த்துத்தான் பேசுகிறேன். இந்தப் பெக்கோக் வட்டாரத் தோட்டங்களில் பிரட்டுக் களத்திலும், ஆயாக் கொட்டகையிலும், லயத்து வாசலிலும் பாடிய பாட்டுகள் உங்களிடம் இருக்கின்றன. கித்தா மரம் வெட்டிய காலத்துப் பாட்டு, பிள்ளையைத் தூங்க வைத்த பாட்டு, திருவிழாக் கும்மி, இழவு வீட்டு ஒப்பாரி. கித்தா போய்ச் செம்பனை வந்தது. லயத்துக் குடும்பங்கள் பல பட்டணத்துக்குப் போயின. கூடிப் பாடும் இடங்கள் குறைந்தன. பாடத் தெரிந்தவர்களுக்கோ வயதாகிறது.

இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத் தொழிலாளர் பாடல்களைத் திரட்டி, 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். நம் நாட்டிலும் முத்தம்மாள் பழனிசாமி அம்மையார் போன்றவர்கள் நாட்டுப்புறப் பாடல்களை எழுத்தில் பதித்திருக்கிறார்கள். இவை பெரும் தொண்டுகள். சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். மெட்டையும் குரலையும் காப்பாற்றும் வேலை நமக்கு இருக்கிறது. முன்னோர்க்கு இல்லாத வசதி நமக்கு உண்டு. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. கைப்பேசியைத்தான் சொல்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம்.

ஆனால் பதிவு மட்டும் போதாது, விவரமும் வேண்டும். ஆர்னால்டு பாக்கே என்ற டச்சு அறிஞர் 1938இல் தென்னிந்தியாவில் ஊர் ஊராகச் சென்று மக்கள் பாட்டுகளையும் ஆட்டங்களையும் பதிவு செய்தார். 46 ஆண்டு கழித்து, 1984இல், நசீர் ஜைராஸ்பாய், ஏமி கேட்லின் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளின் படிகளை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போனார்கள். பாடியவர்களையும் அவர்கள் வழியில் வந்தவர்களையும் தேடிப் போய் அந்த ஒலியைக் கேட்கச் செய்தார்கள். எந்த ஊர், யார் பாடியது என்ற குறிப்பு இருந்தால்தானே இப்படித் தேடிப் போக முடியும்? விவரம் இல்லாத பதிவோடு எந்த ஊருக்குப் போவது? யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

ஆகவே மாணவச் செல்வங்களே, வரும் பள்ளி விடுமுறைக்கு உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டிலுள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ அனுமதி கேட்டு, ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள். அவர்களுக்கு விருப்பமில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒப்பாரியைச் சும்மா பாடக் கூடாது என்று சிலர் சொல்வார்கள், அதை மதிக்க வேண்டும். பதிவின் தொடக்கத்தில், கௌஹர் ஜான் அம்மையாரைப் போல, பாடுபவரே தம் பெயரைச் சொல்லட்டும். பிறகு ஓர் அட்டையில் ஆறு விவரம் எழுதுங்கள்: பாடியவர் பெயர், ஊர் அல்லது தோட்டம், பதிவு செய்த நாள், யாரிடம் கற்றார், எந்த வேளையில் பாடுவது, பாட்டின் முதல் வரி. பரிபாடல் ஏட்டில் மூன்று விவரம் இருந்தது. நாம் ஆறு எழுதுவோம்.

அந்தப் பதிவை வாட்சாப்பில் நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். கைப்பேசி தொலைந்தால் பாட்டும் தொலையும். ஒரு படி வள மையத்தில் இருக்கட்டும். இன்னொரு படி வேறோர் இடத்தில் இருக்கட்டும். குடும்பத்தார் சம்மதித்தால் மட்டுமே பிறர் கேட்கத் தருவோம். இசை அறிந்த ஆசிரியர் யாராவது முன்வந்து அவற்றுள் சிலவற்றைச் சுரப்படுத்தித் தந்தால், சொல், மெட்டு, குரல் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்துவிடும். அதற்கான அட்டைகளும் ஒரு பெட்டியும் வள மையத்தில் தயாராக உள்ளன. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரிடம் நான் கேட்பது பெரிய தொகையன்று. பதிவுகளைச் சேமிக்கக் கணினிக்கு வெளியே வைக்கும் சேமிப்புக் கருவிகள் இரண்டு. ஒன்று பள்ளியில், ஒன்று பள்ளிக்கு வெளியே.

பல ஆண்டு கழித்து இந்தப் பள்ளிப் பிள்ளை ஒருவன் எந்த ஊரிலிருந்தோ வந்து, "பெக்கோக் தோட்டத்துல பாடின தாலாட்டு ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்கக்கூடும். அப்போது வள மையத்தில் யார் பொறுப்பில் இருந்தாலும் அவர் எழுந்து போய் அந்தப் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். அதற்கான முதல் அட்டையை எழுதப் போவது இங்கே அமர்ந்திருக்கும் உங்களில் ஒருவர்தான்.